இரண்டு கதவு பாத்ரூம்

எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு இரண்டு கதவுகள். ஒன்று எங்கள் படுக்கையறையிலிருந்து திறக்கும், மற்றது ஹாலிலிருந்து திறக்கும். வீட்டைக் கட்டியவர் சிக்கனக்காரர். ஒரே ஒரு பாத்ரூமைக் கட்டிவிட்டு, படுக்கையறையில் நின்று அதைக் காட்டும்போது "உங்களுக்குன்னு தனி பாத்ரூம்" என்றார். பிறகு எங்களை ஹாலுக்கு அழைத்துவந்து, இன்னொரு கதவைத் திறந்து, "இது விருந்தாளிங்களுக்கு" என்றார். இரண்டு பாத்ரூம் உள்ள வீடு என்று நம்பிக் குடிவந்தோம். உள்ளே ஒரே வாளிதான் இரண்டு பக்கமும் தெரிகிறது என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

இப்படிப்பட்ட பாத்ரூமைப் பயன்படுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே போனதும் இரண்டு கதவுகளையும் தாழ்போட வேண்டும். நாம் வந்த கதவை மட்டும் போட்டால் மற்றதன் வழியாக யாராவது வந்து நிற்பார்கள். அதேபோல் வெளியே வரும்போது இரண்டு தாழ்ப்பாளையும் எடுத்துவிட வேண்டும். நம் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு போய்விட்டால், அந்தப் பக்கத்து ஆளுக்கு பாத்ரூம் உள்தாழிட்டே கிடக்கும். யாரோ உள்ளே இருப்பதாக நினைத்துக் காத்துக்கொண்டிருப்பார். போடுவது சுலபம், எடுப்பதுதான் சிக்கல். உள்ளே போகும்போது மனிதனுக்குக் கூச்சம் இருக்கிறது. கூச்சம் இரண்டாவது தாழ்ப்பாளை ஞாபகப்படுத்திவிடும். வெளியே வரும்போது இருப்பது நிம்மதி. நிம்மதிக்கு ஞாபகசக்தி கிடையாது.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தவரை இது ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஹால் பக்கத் தாழ்ப்பாளை நிரந்தரமாகப் போட்டுவைத்திருந்தோம். என் மாமனார் வந்த பிறகுதான் அந்தக் கதவுக்கு வேலை வந்தது.

மாமா சரக்கு ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். ஒருநாள் சமையலறையில் தலைசுற்றி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர் போதவில்லை, நிறையக் குடிக்க வேண்டும், தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து என் மனைவி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். பகலில் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களையெல்லாம் சோதிப்பவள், ராத்திரி தன் கண்ணை மூடமாட்டாள்.

"ஒரு மாசம் எங்ககூட இருந்து பாருங்கப்பா. பிடிச்சா அந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்" என்று கெஞ்சி அழைத்துவந்தாள். ஹாலில் ஜன்னல் ஓரமாக அவருக்குக் கட்டில் போட்டோம். அன்று ராத்திரி அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கினாள். குறட்டை விடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாமாவுக்கும் எனக்கும் பேச்சு அதிகம் கிடையாது. "சாப்பிட்டீங்களா மாமா?" என்பேன். "ஆச்சு மாப்பிள்ளை" என்பார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றாது. நான் லிஃப்ட் மெக்கானிக். அவர் வாழ்நாளெல்லாம் குறுக்கே போனவர், நான் மேலும் கீழும் போகிறவன். இடையில் சந்திப்பு எங்கே?

மூன்றாவது வாரம், சாப்பிடும்போது, "ஞாயித்துக்கிழமை கிளம்பறேன் பாப்பா" என்றார்.

"ஏம்பா?"

"அங்க செடியெல்லாம் வாடிப்போயிருக்கும்."

"உங்க வீட்டுல செடியே கிடையாதே."

அவர் சற்று யோசித்தார். "வாங்கி வைக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அன்று ராத்திரி போன் மறுபடி தலையணைக்கு அடியில் போயிற்று. "என்ன குறை வெச்சோம்னே தெரியலைங்க. சரியா சாப்பிடறார், சிரிக்கறார். சாயங்காலம் ஆனா தண்ணி மட்டும் ஒரு வாய் குடிக்கமாட்டேங்கறார். டாக்டர் என்ன சொன்னார், இவர் என்ன பண்றார்?" என்று இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

விடை எனக்கு எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளியிடமிருந்து கிடைத்தது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"சார், உங்க மாமனார் ரொம்ப ஒழுக்கமான மனுஷர் சார். இந்த வயசுலயும் ராத்திரி வாக்கிங் வர்றாரே."

"வாக்கிங்கா?"

"ஆமா சார். சட்டையை உள்ள விட்டு, பெல்ட் போட்டு, ஷூ போட்டு."

"எவ்வளவு தூரம் நடப்பார்?"

"தூரமெல்லாம் இல்ல சார். லிஃப்ட்ல வருவார். நேரா என் ரூம் பின்னாடி இருக்கற பாத்ரூமுக்குப் போவார். வந்து குட்நைட் சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறிடுவார்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பதும் நான்தான். ராத்திரியில் அது இறங்கி ஏறும் சத்தம் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நிற்கும்போது ஒரு உரசல். பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது என்று படுத்த படுக்கையிலிருந்தே கண்டுபிடித்திருந்தேன். உள்ளே போவது என் மாமனார் என்பதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஹால் பக்கக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நானோ அவளோ, தூக்கக் கலக்கத்தில் போய்விட்டு வந்த கையோடு எங்கள் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு வந்திருக்கிறோம். பாதித் தூக்கத்தில் இருக்கும் கை, புதுப் பழக்கத்தை மறந்து பழைய பழக்கத்தைத்தான் செய்யும். அவருக்கு இருக்கும் இன்னொரு வழி எங்கள் படுக்கையறை. மகளும் மருமகனும் தூங்கும் அறைக்குள் நடுராத்திரியில் நுழைவதைவிட அவர் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார். அதைத்தான் செய்யப் போகிறார்.

தண்ணீர் விஷயமும் இதிலேயே புரிந்துவிட்டது. சின்ன வயதில் ராத்திரியானால் மூளை சிறுநீரகத்துக்கு ஒரு சுரப்பு மூலம் சொல்லி அனுப்பும்: இப்போது வேகத்தைக் குறை, ஆள் தூங்குகிறான். வயதானால் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேருவதில்லை. பகலெல்லாம் காலில் இறங்கித் தங்கிய நீரும், படுத்தவுடன் ரத்தத்தில் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். ஆண்களுக்கு இதோடு இன்னொன்று: சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றியுள்ள சுரப்பி வீங்கி, குழாயை நெருக்கும். பை முழுசாகக் காலியாகாது, அதனால் சீக்கிரம் நிரம்பும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் மாமா ராத்திரியில் எழுந்திருக்காமல் இருப்பதற்காகக் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடிக்காமல் இருந்தால் மறுபடி தலைசுற்றும். அவர் போகப் போவதோ விழுந்தாலும் கேட்க ஆளில்லாத வீட்டுக்கு.

மனைவியிடம் சொன்னேன். "நானே அப்பாகிட்ட பேசிடறேன்" என்றாள்.

"பேசாத. நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா சனிக்கிழமையே கிளம்பிடுவார்."

"அப்ப என்னதான் பண்றது?"

"நான் ஒண்ணு செய்யறேன்" என்றேன். அவள் முகத்தில் கொஞ்சம் கவலை தெரிந்தது. நான் செய்தவை வீட்டில் ஏற்கெனவே சில இருக்கின்றன.

லிஃப்டில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எல்லாக் கதவும் மூடியிருந்தால்தான் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா சுவிட்ச் வழியாகவும் ஓடி, மோட்டாருக்கு அனுமதி கொடுக்கும். ஒரு கதவு திறந்திருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும், லிஃப்ட் நகராது. அதைத்தான் பாத்ரூமுக்குச் செய்தேன். இரண்டு தாழ்ப்பாள்களிலும் ஒவ்வொரு சுவிட்ச். இரண்டு தாழும் எடுத்திருந்தால் பச்சை விளக்கு. ஏதாவது ஒன்று போட்டிருந்தாலும் சிவப்பு. விளக்குகளை இரண்டு கதவுக்கும் மேலே, ஹாலில் ஒரு ஜோடி, எங்கள் அறையில் ஒரு ஜோடி என்று பொருத்தினேன். ஒரு பழைய லிஃப்டிலிருந்து கழற்றியவை, நன்றாகக் கண்ணில் படும். இனி நான் ஹால் பக்கத்தை மறந்துவிட்டு வந்து படுத்தால், என் தலைக்கு எதிரே சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும். எழுந்துபோய் எடுத்துவிட்டு வருவேன். யாரும் யாரிடமும் எதையும் பேச வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பது. ஒரு கம்பி அறுந்தால், ஒரு சுவிட்ச் துருப்பிடித்தால், அதுவும் சங்கிலி அறுந்த கணக்குத்தான், சிவப்பு எரியும். சந்தேகம் என்றால் நில் என்பதுதான் லிஃப்ட் வேலையின் முதல் பாடம்.

மாலையில் மாமா வந்து விளக்குக்குக் கீழே நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினேன். சிவப்பு. எடுத்தேன். பச்சை.

"ரெண்டு தாழ்ப்பாளும் ஒரே சர்க்யூட்டா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

"ஒயர் அறுந்தா?"

"ரெட்தான்."

"அதான் முறை" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ரயில்ல மாதிரி, இதுக்கு முன்னாடி தூரத்துல எச்சரிக்கையா ஒரு மஞ்சள் வெச்சா இன்னும் நல்லாருக்கும். கட்டில்கிட்ட. ஆனா அது கூடுதல் செலவு" என்றார்.

எங்கள் இருவருக்குள்ளும் அதுவரை நடந்த பேச்சிலேயே அதுதான் நீளமானது. சாப்பிட உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்து முழுசாகக் குடித்தார். என் மனைவி தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு "அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்று தள்ளிப்போயிற்று. ராத்திரியில் லிஃப்ட் சத்தம் நின்றது.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. நானோ அவளோ ராத்திரி போய்விட்டு வந்து படுத்தால், அடுத்த நிமிஷமே ஹால் பக்கத்திலிருந்து மாமா போவார். எப்போது போனாலும் அப்படித்தான். நமக்காக விட்டுக்கொடுத்துக் காத்திருந்தார் போலிருக்கிறது, என்ன பண்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அடுத்த வாரக் கடைசியில் ஒரு ராத்திரி எனக்கு விழிப்பு வந்தது. இப்படி எழுப்புவது சிறுநீர்ப்பையின் சுவர்தான். அது விரிய விரிய மூளைக்குச் சேதி போகும். முதல் சேதியை மூளை கனவுக்குள் செருகிப் பார்க்கும். நானும் ஏதோ ஒரு கட்டடத்தின் மாடி மாடியாகக் கதவைத் தேடிக்கொண்டிருந்தேன். முடியாதபோதுதான் எழுப்பிவிடும். கண்ணைத் திறந்தேன். எதிரே சிவப்பு.

மாமா உள்ளே இருக்கிறார். நல்லது, வரட்டும் என்று திரும்பிப் படுத்தேன்.

அவசரம் என்பது அலை மாதிரி வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கும்போது இனி தேவையில்லை போலிருக்கிறது என்று தோன்றும். அது பொய். அடுத்த அலை இன்னும் உயரமாக வரும். மூன்று நான்கு அலை பார்த்துவிட்டேன். சிவப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் படுக்கை அசைந்தது.

"தூங்கலையா?" என்றேன் மெதுவாக.

"போகணும். அப்பா உள்ள இருக்கார்." கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அந்த விளக்கு ஒரு சிவப்புப் பந்தாகத்தான் தெரியும், ஆனால் பந்தே போதும். "ரொம்ப நேரமாவே காத்துட்டிருக்கேன்."

"நானும்தான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பந்தைப் பார்த்தோம்.

"போய்த் தட்டுங்களேன்."

"உங்க அப்பா உள்ள இருக்கும்போது நான் எப்படித் தட்டுவேன்? நீ தட்டு."

"நான் தட்டினா, பாப்பா தூக்கம் கெட்டுப்போச்சுன்னு காலையில பையை எடுத்துடுவார்."

"மருமகன் தட்டினா மட்டும் பையை எடுக்கமாட்டாரா?"

அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க. இவ்வளவு நேரமா உள்ள என்ன பண்றார்? சத்தமே இல்லையே. தண்ணி விழற சத்தம்கூட இல்லை."

எனக்கும் அது உறைத்தது. இவ்வளவு நேரத்தில் ஒருமுறைகூடத் தொட்டி நிரம்பும் சத்தம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் அடுத்த வீட்டுக்கே கேட்கும். உள்ளே மிதக்கும் பந்து மேலே வந்து வால்வை அடைக்கும்போது ஒரு முனகல் முனகும். அது இல்லை. சமையலறைத் தரை என் கண்முன் வந்தது. அவள் கண்முன்னும் அதுவேதான் வந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

நான் கட்டிலை விட்டு இறங்கினேன். அப்போது ஹாலிலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. உதட்டைக் குவித்து அடித்த விசில். ஒரே ஒரு நீண்ட விசில், இழுத்து, நிதானமாக, கடைசிவரை சீராக.

என் மனைவி கையை விட்டாள். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்த வயதில் ரயில் விசில் கணக்கு படித்தவள் அவள். "அது சிக்னல்ல நிக்கற விசில்ங்க" என்றாள். "வண்டி ரெட்ல நின்னுட்டிருக்கு, சிக்னல் போடற கேபின்காரன் மறந்துட்டான்னா, நான் இங்க இருக்கேன்னு ஞாபகப்படுத்தறதுக்கு அடிக்கறது."

"அப்ப உங்க அப்பா வெளியில இருக்கார்."

"நாம ரெண்டு பேரும் இங்க இருக்கோம்."

இருவரும் பாத்ரூம் கதவைப் பார்த்தோம். நான் போய் லேசாகத் தள்ளினேன். திறந்துகொண்டது. உள்ளே இருட்டு. வாளி, குவளை, அவ்வளவுதான். மூன்று பேர் ஒரு காலி பாத்ரூமுக்கு மரியாதை கொடுத்து வெளியே காத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உள்ளே நடந்து மறுபக்கக் கதவைத் திறந்தேன். மாமா ஹாலில் நின்றிருந்தார். சட்டைப் பித்தான் எல்லாம் போட்டு, கைகளைப் பின்னால் கட்டி, கதவிலிருந்து இரண்டடி தள்ளி, அங்கே ஒரு கோடு கிழித்திருப்பது மாதிரி. முகத்தில் சிவப்பு வெளிச்சம். நெற்றியில் வேர்வை.

"உள்ள யாரு மாப்பிள்ளை?"

"யாரும் இல்ல மாமா."

"அப்ப இது?" தலையை உயர்த்தி விளக்கைக் காட்டினார்.

"ஃபெயில் ஆயிடுச்சு."

"ஃபெயில் ஆனா ரெட் காட்டும்னு சொன்னீங்க."

"காட்டுது மாமா."

"நல்ல வேலை" என்றார். அந்த நிலையிலும் மனதாரச் சொன்னார்.

"கதவைத் தள்ளிப் பாத்திருக்கலாமே மாமா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "சிவப்புல எப்படிப் போறது?" என்றார்.

இதற்குமேல் பேச நேரமில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "நீங்க போங்க மாமா" என்றேன். "இல்ல மாப்பிள்ளை, நீங்க போங்க" என்றார். "பெரியவங்க நீங்க." "வேலைக்குப் போறவங்க நீங்க." நாங்கள் ஆளுக்கொரு காலில் நின்றுகொண்டு இப்படி உபசரித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து என் மனைவி வந்து, "ரெண்டு பேரும் மரியாதையை முடிச்சுட்டு சொல்லி அனுப்புங்க" என்று என்னையும் வெளியே தள்ளிவிட்டு இரண்டு கதவையும் தாழிட்டுக்கொண்டாள்.

விளக்குக்கு எதுவும் தெரியவில்லை. அது ஏற்கெனவே சிவப்பில்தான் இருந்தது.

மாமா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?"

"ஏன் மாமா?"

சுவரைப் பார்த்தே பேசினார். "எஞ்சின்ல பாத்ரூம் கிடையாது. தெரியுமா?"

"தெரியாது மாமா."

"கூட்ஸ் வண்டிக்கு யாரு வழி விடுவா? எக்ஸ்பிரஸ் போகணும், பாசஞ்சர் போகணும், எல்லாம் போன பிறகுதான் நாங்க. அதுவரைக்கும் எங்கேயாவது பொட்டல்ல சிக்னல் போட்டு நிறுத்திடுவான். அப்பத்தான் இறங்க முடியும். வண்டி ஓடும்போது எவ்வளவு வந்தாலும் அடக்கிக்கணும். சிவப்பு விழுந்தா இறங்கலாம். வேலை பாத்த காலம் பூரா அப்படியே ஓட்டினேன் மாப்பிள்ளை." நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார். "இப்ப சிவப்பைப் பாத்தாலே வந்துடுது."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அவசரத்தையும் மறந்துபோனேன். சிறுநீர்ப்பை ஒரு தசை. அதற்குப் போ, நில் என்று சொல்வது மூளை. மூளை எதையும் எதோடும் கோத்துக்கொள்ளும். குழாய்ச் சத்தம் கேட்டால் நமக்கு வருகிறதில்லையா? வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போது அவசரம் இரட்டிப்பாகிறதில்லையா? அதே மாதிரி இந்த மனிதரின் உடம்பு சிவப்பையும் இறங்குவதையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறது. நான் அவர் கட்டிலுக்கு எதிரே, லிஃப்டிலிருந்து கழற்றிய மிகப் பிரகாசமான ஒரு சிவப்பைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறேன்.

"அப்ப நாங்க போகும்போதெல்லாம்..."

"நீங்க உள்ள போனா ரெட் விழும். வெளிச்சம் முகத்துல அடிக்கும். எனக்கு முழிப்பு வந்துடும். வந்தா மத்ததும் வந்துடும்." அது பண்பு இல்லை என்பது இப்போது தெரிந்தது. "ரோட்டுல பஸ் சிக்னல்ல நின்னாலே எனக்குக் கஷ்டம்தான். அதான் வெளிய அதிகம் போறதில்ல."

"எங்களாலதான் உங்களுக்குத் தூக்கம் போச்சா மாமா?"

"உங்களால இல்ல மாப்பிள்ளை. உங்க கண்டுபிடிப்பால."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத நிலையில் சிரித்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. நானும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவரும் தோள் குலுங்க, வாயை இறுக மூடிச் சிரித்தார்.

"லைட் இல்லைன்னாலும் ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பேன்" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. "பாப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"கேக்குதுப்பா" என்றது கதவு.

மாமா கண்களை மூடிக்கொண்டார்.

"நானும்தான் எழுந்திருக்கறேன்" என்றது கதவு மறுபடி. "உங்க மாப்பிள்ளையும்தான். இந்த வீட்டுல ராத்திரி ஒழுங்கா தூங்கறது வாளி மட்டும்தான். செடிக்கு எப்ப தண்ணி ஊத்தப் போறீங்க?"

உள்ளே தண்ணீர் விழுந்தது, தொட்டி முனகத் தொடங்கியது. இரண்டு தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாக எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பி, "லைன் கிளியர்ப்பா. போங்க" என்றாள்.

அவர் தலையைக் குனிந்து, விளக்கைப் பார்க்காமல், அதன் கீழே கடந்து உள்ளே போனார். அதன்பின் நான் போனேன். எத்தனையாவது அலை என்று நினைவில்லை.

காலையில் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெந்நீர் ஆவி ஏறி, ஹால் பக்க சுவிட்சின் தொடுமுனையில் கடுகளவு துரு. சங்கிலி அறுந்திருக்கிறது. சொன்னபடி சிவப்பு எரிந்திருக்கிறது. குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆவி புகாத சுவிட்ச் போடலாம், சிவப்புக்குப் பதில் நீல விளக்கு வைக்கலாம், கட்டிலுக்கு எதிரே வெளிச்சம் விழாமல் ஒரு மறைப்பு கட்டலாம் என்று காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தேன். மாமா டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்று படத்தைப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார். "ஒண்ணு கேக்கலாமா மாப்பிள்ளை? எதுக்கு ரெண்டு கதவு?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். ஒரு பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்றால் மெக்கானிக் எதையாவது சேர்ப்பான். எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

அன்று மாலையே எங்கள் அறைப் பக்கக் கதவை நான்கு மூலையிலும் ஸ்குரூ வைத்து முறுக்கி, அதன் முன்னால் துணி அலமாரியை நகர்த்தி வைத்தேன். இப்போது எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். விளக்கு கிடையாது. தாழ் போட்டிருந்தால் ஆள் இருக்கிறார், இல்லையென்றால் இல்லை. வீட்டைக் கட்டியவருக்கு இது தெரிந்தால் மனம் வருந்துவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். என் மனைவி கடைக்குப் போய்ப் பூத்தொட்டியோடு ஒரு செடியை வாங்கிவந்து, பால்கனியில் வைத்துவிட்டு, "வாடிடப் போகுது, பாத்துக்கோங்க" என்றாள். அவர் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். பாதியைச் செடிக்கு ஊற்றினார். மீதியை அவர் குடித்ததை நானும் அவளும் சமையலறையிலிருந்து பார்த்தோம். போன் மேஜைமேல்தான் இருக்கிறது.

இதில் ஒரே ஒரு சங்கடம். இப்போது நாங்கள் ராத்திரியில் போக வேண்டுமென்றால் ஹாலுக்குள் வந்து, மாமாவின் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் ராத்திரி நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில், மூச்சை அடக்கியபடி போனேன். கட்டிலைத் தாண்டும்போது, அவர் கண்ணைத் திறக்காமலேயே வலது கையைப் போர்வைக்கு வெளியே நீட்டி மெதுவாக அசைத்தார்.

"லைன் கிளியர் மாப்பிள்ளை" என்றார்.

விடிவதற்குள் மறுபடி ஒருமுறை எனக்கு விழிப்பு வந்தது. மறுபடி நுனிக்கால். மறுபடி கை வெளியே வந்தது.

"ரெண்டாவது தடவையா?"

"ஆமா மாமா."

"ராத்திரியில தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, நான் திரும்பி வரும்வரை காத்திருந்து, அவர் எழுந்து போனார்.